ரேகை வளர்ந்த விரல்

அன்புள்ள அம்மாவுக்கு, கோயம்புத்தூரிலிருந்து உன் மகள் செந்தமிழ், வணக்கத்துடன் எழுதுவது. உன் கால் வெடிப்பு ஆறியதா? நான் மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

வீட்டிலிருந்த ஒரே போனை என்னிடம் கொடுத்துவிட்டாயே, அதனால்தான் கடிதம். பாடமெல்லாம் அதில்தான் வருகிறது. அது இல்லாவிட்டால் நான் இங்கே தேறவே முடியாது.

ஒரு வேடிக்கை கேள். காலேஜில் அட்டெண்டன்ஸுக்கு விரல் வைக்க வேண்டும். லீவில் உன்னோடு உப்பு வாரியதில் ரேகை தேய்ந்து, மெஷின் ஒரு மாதம் என்னை ஏற்கவே இல்லை. "என்னம்மா, கையில ரேகையே காணோம்?" என்று ஆபீஸ் அக்கா சிரித்தார். "உப்பளத்துல வேலைங்க" என்றேன். அன்றிலிருந்து அவரே நோட்டில் என் பெயரை எழுதிவந்தார். நல்லவர்.

என் உதவித்தொகைக்காக வானூர் தாலுகா ஆபீஸ் மெஷினில் நீ விரல் வைத்தபோதும் இப்படித்தானே ஆனது? பத்து நாள் வேலைக்குப் போகாமல், எண்ணெய் தேய்த்துத் தேய்த்து ரேகையை வரவழைத்தாயே அம்மா.

ஞாயிறன்று பக்கத்து வீட்டு சூர்யகலா அக்கா போனிலிருந்து கூப்பிடு. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பெல் அடித்துவிட்டது, ஓடுகிறேன். இன்று காலை மெஷின் என் விரலை முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. அங்கே நீ தனியாக உப்பு வாருகிறாய். இங்கே எனக்கு ரேகை வளர்ந்துவிட்டது.

உன் செந்தமிழ்