ஆறு மணி வகுப்புக்கு ஒரு மாணவன்

அக்கா,

பதிவு செய்த வீடியோ கையில் இருக்கும்போது நேரலை வகுப்புக்கும் வருகிற மாணவன் இவ்வுலகில் இன்னும் பிறக்கவில்லை. நேற்று இதைச் சொன்னதற்குத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாய். "நாளைக்கும் ஒருத்தனும் வரலன்னா கணக்கு கிளாஸையே மூடிடறேன், போதுமாடா?" என்றாய்.

சாம்பார் அடுப்பில் இருக்கிறது. சாவி மீட்டர் பெட்டி மேலே. அம்மா பாகூர் பஸ் ஸ்டாண்டில் ஏழு மணிக்கு இறங்குவாள். நான் அழைத்து வருகிறேன்.

பி.கு: பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாக்குகிறாய்? மூன்றாவது வீடியோவை நான்கு முறை பார்த்தேன். கேட்டதற்கு அது பதில் சொல்லவில்லை.

இன்னொன்று: ஆறு மணிக்கு 'அருள்தாஸ், எட்டாம் வகுப்பு' என்று ஒருவன் பஸ் ஸ்டாண்டிலிருந்து சேருவான். கேமராவைப் போடச் சொல்லாதே. மீசை தெரியும்.