காத்துக் கல்லும் தகர மூடியும்

மக்கா,

என் எழுத்தைப் பார்த்து நீ சிரிப்பாய். ‘ழ’வின் வால் கீழ்வரிக்கு இறங்கி, அங்கிருக்கும் எழுத்தை மிதித்துக்கொண்டு நிற்கிறது. ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று எண்ணுவதற்குள் மை காய்ந்துவிடுகிறது. ஒரு வரி எழுதி முடிக்க, ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரம் ஆகிறது. பொறுத்துக்கொள். அறுபத்தைந்து வயதுவரை மண்வெட்டியும் வாளியும் பிடித்த விரல். ஆனாலும் எனக்கு ஒரே சந்தோசம்.

நம் தாலுகா திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேரும் கொண்டாட்டத்துக்காக, முதியோர் வகுப்பு நடக்கும் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க இன்று காலை சுண்ணாம்பு நீற்றினோம். தண்ணீர் பட்டதும் அது சீறிக் கொதித்தது. அந்த ஈரச் சூட்டு வாசனை மூக்கில் ஏறியதும் வாளியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். எட்டு ஆண்டுகளாக அரிசிப் பானையை மூடிக் கிடக்கும் உன் தகர மூடியை எடுத்துத் திருப்பினேன். வாசிக்கப் படித்து நாலு மாதம் ஆகியும் அதைத் திருப்பத் துணிவில்லாமல் இருந்தேன்.

வெள்ளைக்காரன் போன மறு வருசம் அது. வட்டக்கோட்டைக்கு இந்தப் பக்கம், கடலோரத்தில், நாம் வேலை பார்த்த காற்று பார்க்கும் ஆபீசு. தினமும் காலையில் ஒரு பலூனை மேலே விட்டு, அது போகும் திசையை ஆபீசர் சார் குழல் கண்ணாடியில் பார்த்துக் குறிப்பார். பலூனுக்கு வேண்டிய ஐட்ரசன் வாயு, தகரத்தில் அடைத்த சாம்பல் நிறக் கல்லாகத்தான் வரும். பீப்பாய்த் தண்ணீரில் போட்டால் கல் நுரைத்துப் பொங்கும். வாயு குழாய் வழியே பலூனில் ஏறும். அடியில் சுண்ணாம்புக் குழம்பு மிஞ்சும். முழங்கால் கெட்டுக் கடலை விட்டு வந்த நீ கல்லைப் போடுவாய். கொட்டாரத்து வயலை விட்டு வந்த நான் தண்ணீர் சுமப்பேன்.

“ஏலே, நாங்க காத்துக்குப் பயந்து கரையேறுவோம். இங்க காத்தையே கல்லுக்குள்ள கட்டிப் போட்டு வச்சிருக்கானுவ” என்பாய். காத்துக் கல் என்று பெயர் வைத்ததும் நீதான்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. சார் தரும் காகிதத்தை உற்றுப் பார்த்துத் தலையாட்டுவேன். ஒருநாள் நான் தலைகீழாகப் பிடித்திருந்த காகிதத்தை நீ மெல்ல வாங்கி நேராக்கித் தந்தாய். “காத்து மறிச்சுப் போட்டுட்டு போல” என்றாய். அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று கொட்டகைக்கு வெள்ளையடிக்கச் சொன்னார் சார். சுண்ணாம்பும் ஒரு பழைய காத்துக் கல் தகரத்தில்தான் கிடந்தது. எது எது என்று நீ இரண்டின்மேலும் எழுதி ஒட்டியிருந்தாய். நான் ஒன்றைத் தூக்கி முற்றத்துத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டேன். பொங்கியது. சுண்ணாம்பு என்றால் பொங்கத்தானே செய்யும்? நன்றாக நீறட்டும் என்று பக்கத்தில் குந்தி, வாயில் பீடியை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தேன்.

“எம் மாதாவே! தீப்பெட்டியப் போடு லே!”

கெட்ட முழங்காலோடு நீ எப்படி ஓடி வந்தாயோ! கன்னத்தில் விழுந்த அறையில் பீடி ஒரு பக்கம், தீப்பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். “அது காத்துக் கல்லு லே பாவி! ரெண்டு பேருக்கும் மீசகூட மிஞ்சியிருக்காது” என்று மூச்சு வாங்கினாய்.

கையிருப்பில் இருந்த கடைசித் தகரம் அது. அடுத்தது வரும்வரை பலூன் கிடையாது. சார் குதித்தார். “எழுதி ஒட்டியிருக்குல்லா? வாசிக்கத் தெரியாத ஆளையா நான் வச்சிருக்கேன்?”

நான் வாயைத் திறக்குமுன் நீ சொன்னாய்: “காயிதத்த மாத்தி ஒட்டினது நாந்தான் சார். கண்ணு சரியாத் தெரியல்ல.”

அன்றே உன்னை நிறுத்திவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மக்கா. நின்றேன், அவ்வளவுதான்.

தொட்டியில் மிஞ்சிய குழம்பைக் கொண்டே மறுநாள் வெள்ளையடித்தேன். உன் துணிமணியை எடுக்க வந்த நீ, சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தாய். காலித் தகரத்தின் மூடியில் பச்சைப் பெயின்டால் ஏதோ எழுதி என் கையில் தந்தாய். “வாசிச்சுக்கோ.”

பிறகு கொட்டாரம் சந்தையில் கண்டபோதெல்லாம் கேட்பாய்.

“ஏலே, மூடிய வாசிச்சியா?”

“வாசிச்சேன், வாசிச்சேன்.”

“எப்பிடி?”

“உள்ளதத்தானே எழுதியிருக்க.”

நீ வயிறு குலுங்கச் சிரிப்பாய். எனக்கு ஒன்றும் விளங்காது. என்னைத் திட்டித்தான் எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். வேறு யாரிடமும் காட்டி வாசிக்கச் சொல்லப் பயம். போன வருசம் ஆவணியில் உன் பெட்டியின்மேல் ஒரு பிடி மண் போட்டபோது, இனி அதை உன்னிடம் கேட்கவே முடியாது என்று உறைத்தது. அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்தேன்.

இன்று காலை, அரிசித் தூசியைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன்: “மக்கா, சுவரு நல்லா வெளுத்திருக்கு. இத வாசிக்கத் தெரியலன்னா வெக்கப்படாம எங்கிட்ட வந்து கேளு.”

வீட்டில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தேன். வந்து கேட்டிருக்கலாம். சந்தைக் கூட்டத்தில் என் முன்னால் நின்று இத்தனை காலமும் நீ அதற்குத்தானே வழி விட்டுக்கொண்டிருந்தாய்.

காத்துக் கல்லுக்குச் சார் சொல்லும் பெயர் இன்னும் காதில் இருக்கிறது. கால்சியம் என்ற முதல் பாதியை எழுதிவிட்டேன், பார். அடுத்த பாதியை ஐட்ரைடு என்றுதான் எழுத வருகிறது. ‘ஐ’ இருக்கும் இடத்தில் வரவேண்டியது ஒரு வடமொழி எழுத்தாம். வாத்தியார் பலகையில் எழுதிக் காட்டியபோது நான் தலையாட்டவில்லை. எழுந்து நின்று, “அது எனக்குத் தெரியாது சார்” என்றேன். இந்த வாரம் சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக் கொண்டுவந்து உன் கல்லறைமேல் வைக்கிறேன். காத்து மறிச்சுப் போடாதபடி, மேலே ஒரு கல்லும் வைப்பேன்.