வாசல்ல வைக்கிற காய்

அன்பு மகன் இர்ஃபானுக்கு அம்மா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்க நானும் உன் அத்தாவும் சுகம், முழுசா சுகம்னு எழுதினா பொய்யாயிடும், முக்கால்வாசி சுகம்னு வச்சுக்க, அங்க ஃப்ரீமான்ட்ல நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லா இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகைலயும் அல்லாஹ்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். போன் இருக்கும்போது இது என்ன புதுசா லெட்டர்னு நினைப்பே. போன்ல பேசினா அத்தா ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பக்கத்துல உட்கார்ந்துடுறாங்க, சில விஷயத்தை அவங்க இல்லாமத்தான் சொல்ல முடியும்.

குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளினதுலேர்ந்து எனக்குப் பகலே இல்லாம போச்சு. லுஹர் தொழுதுட்டு காயைக் கழுவ ஆரம்பிச்சா அஸர் வந்துடுது, அஸர் முடிச்சு நிமிர்ந்தா மஃரிப், அஞ்சு மணி ஆகுறதுக்குள்ள நம்ம பிஸ்கட்டவே ஊரு பூரா இருட்டு. ஜூன் மாசம் நீ அந்தப் பண்ணைல எங்களைச் சேர்த்துவிட்டப்போ வாரம் ஒரு பெட்டி காய் வரும், பக்கத்து மண்ணுல விளைஞ்சது, அந்தந்த சீசனுக்கு அந்தந்தக் காயைச் சாப்பிடுங்க, எங்கேயோ மெக்ஸிகோலேர்ந்து லாரில வர்றதை வாங்காதீங்கன்னு சொன்னே, நல்ல விஷயந்தான், நான் இல்லேங்கலை, ஆனா அந்தப் பெட்டியை நறுக்குறது யாருப்பா? தக்காளியும் சோளமும் வந்த வரைக்கும் ஒண்ணும் தெரியலை. இப்ப வர்ற பட்டர்நட் ஸ்குவாஷ்ங்கற பூசணி கல்லு மாதிரி, கத்தியே இறங்க மாட்டேங்குது, கூடவே டர்னிப், தழையோட பீட்ரூட், நூக்கல், அப்புறம் அந்த கேல் கீரை, மண்ணும் பூச்சியுமா மூணு தண்ணி மாத்தணும். கேல்ல வடை சுட்டேன், பொரியல் பண்ணினேன், பருப்புல போட்டேன், கீமால கூடப் போட்டுப் பாத்துட்டேன், எதுல போட்டாலும் அது கேலாத்தான் இருக்கு. வலது மணிக்கட்டு வீங்கி ஒரு மாசமா துணி சுத்திக்கிட்டுத்தான் சமைக்கிறேன். சலிப்பா இருக்குடா, அதுக்கு வேற வார்த்தை எனக்குத் தெரியலை.

ஆனா அத்தா முகத்தைப் பாத்தா இதைச் சொல்ல வாய் வராது. போன வருஷம் வேலை போனப்புறம் அவங்க எப்படி இருந்தாங்கன்னு நீ பாக்கலை, தாங்க்ஸ்கிவிங்குக்கு நாலு நாள் வந்துட்டுப் போனவன் நீ. பெட்ரூம் திரையை விலக்க விடமாட்டாங்க, இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டா தெரியாது, வெள்ளிக்கிழமை ஜும்ஆவைக்கூட நான் ஞாபகப்படுத்தணும். இந்தப் பண்ணை வந்தப்புறம் அவங்களுக்கு வியாழக்கிழமைன்னு ஒரு நாள் கிடைச்சுது. காலைலயே ஷேவ் பண்ணி, சட்டையை இஸ்திரி போட்டு, அத்தர் பூசிக்கிட்டு, போன வாரத்துப் பெட்டியை மடிச்சு எடுத்துக்கிட்டுப் பண்ணைக்குப் புதுப் பெட்டி வாங்கக் கிளம்பிடுவாங்க, அங்க பண்ணைக்காரம்மாவோட அரை மணி நேரம் பேச்சு. திரும்பி வந்து ஒரு ஆப்பிளை நறுக்கித் தட்டுல வச்சுக்கிட்டு பின்னால மேப்பிள் மரத்தடியில ஸ்வெட்டரோட உட்கார்ந்து, நசீமா இங்க வா, இந்த நிறத்தைப் பாருன்னு கூப்பிடுவாங்க. விழுற இலையை டவுன்ஷிப் வண்டி அள்ளிட்டுப் போக விடுறதில்லை, கம்போஸ்ட்டுக்கு வேணும்னு கூட்டிக் கூட்டிக் குவிச்சு வச்சிருக்காங்க. எனக்கு எங்க நேரம், அடுப்புல கேல் கிடக்குன்னு ஜன்னல்லேர்ந்தே பதில் சொல்லிடுவேன்.

இப்ப அந்தக் காய் விஷயம். பக்கத்து வீட்டு பத்ரி உனக்குப் போன் பண்ணிச் சொன்னது பாதிதான், அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அந்த வியாழக்கிழமை பண்ணைல ஒரு கூடை நிறைய பச்சையும் மஞ்சளுமா கோடு போட்ட சின்னச் சின்னக் காய் வச்சு, ஃபால் கோர்டுன்னு எழுதி, வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்னு போட்டிருந்தாங்களாம். நமக்கு கோர்டுன்னா என்னடா? பாட்டில் கோர்டு சுரைக்காய், ஸ்நேக் கோர்டு புடலங்காய், ரிட்ஜ் கோர்டு பீர்க்கங்காய், ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைல இத்தனை வருஷமா அப்படித்தானே எழுதி வச்சு விக்கிறாங்க. சுரைக்காய் சாதின்னு நினைச்சு அத்தா நாலு எடுத்துட்டு வந்தாங்க. தோல் சீவவே எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. கடலைப்பருப்பு போட்டு ஆணம் வச்சு, ஒரு சொட்டு உள்ளங்கைல விட்டு நக்கிப் பாத்தா கசப்பு, சாதாரணக் கசப்பு இல்லை, நாக்கு சுருண்டு போச்சு. இது வேணாம், கொட்டிடுறேன்னேன். அத்தா ருசி பாத்துட்டு, பாகற்காயுந்தான் கசக்குது, கசப்பு சுகருக்கு நல்லது, இவ்வளவு கசந்தா மாத்திரையே வேணாம்னு சிரிச்சாங்க. எதையும் வீணாக்கக் கூடாதுன்னு இர்ஃபான் சொல்லியிருக்கான்னு வேற சொல்லி, சோத்துல ரெண்டு கரண்டி ஊத்திச் சாப்பிட்டாங்க.

அரை மணி நேரத்துல வாந்தியும் வயித்தாலயும் ஆரம்பிச்சுது. பாத்ரூம் வாசல்லயே உட்கார்ந்துட்டாங்க, எழுப்பினா எழுந்திருக்க முடியலை, கை ஜில்லுன்னு இருந்துச்சு. பத்ரிதான் கார்ல போட்டு எமர்ஜென்சிக்குக் கொண்டு போச்சு. பிரஷர் ரொம்ப இறங்கியிருக்குன்னு ட்ரிப் ஏத்தினாங்க. என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டதுக்கு நான் மிச்சமிருந்த ஒரு காயைப் பைலேர்ந்து எடுத்துக் காட்டினேன். நர்ஸ் குஜராத்திப் பொண்ணு போல, அங்கிள் இது ஹாலோவீனுக்கு வாசல்ல அழகுக்கு வைக்கிறதாச்சே, இதை யாரும் சமைக்க மாட்டாங்கன்னு சொல்லுச்சு, கேலியா எல்லாம் சொல்லலை. அத்தா கண்ணை மூடிக்கிட்டாங்க. மறுநாள் நீ போன்ல, முப்பது வருஷம் மருந்துக் கம்பெனி லேப்ல இருந்தவருக்கு இதுகூடத் தெரியாதா, இனிமே பண்ணையும் வேணாம் ஒண்ணும் வேணாம், அடுத்த வருஷம் நான் புதுப்பிக்கப் போறதில்லைன்னு கத்தினே பாரு, அதையும் அவங்க கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நீ பயத்துலதான் கத்தினேன்னு எனக்குத் தெரியும்.

நீ தப்பான ஆளைத் திட்டிட்டே இர்ஃபான். அந்தக் கசப்பு சரியில்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இத்தனை வருஷம் அடுப்படியில நிக்கிறவளுக்குத் தெரியாதா? தட்டைப் பிடுங்கியிருக்கலாம். கை வலி, முதுகு வலி, இதைக் கொட்டினா இன்னொரு ஆணம் வைக்கணுமேன்னு ஒரு அலுப்பு. சாப்பிட்டா சாப்பிடட்டும், ஒரு வேலை மிச்சம்னு நினைச்சேன். நான் அதுல ஒரு வாய் வைக்கலை, தயிர் ஊத்திச் சாப்பிட்டேன். இதை அத்தாகிட்ட இன்னும் சொல்லலை. அவங்களா ஏதோ முட்டாள்தனம் பண்ணிட்டதா நினைச்சுக் குறுகிப்போய்க் கிடக்குறாங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

அடுத்த வியாழக்கிழமை ஷேவ் பண்ணலை, கிளம்பலை. திரை மறுபடி மூடியாச்சு. பண்ணைக்காரம்மா ரெண்டு தடவை கூப்பிட்டும் போனை எடுக்கலை. கடைசியில நானே சாவியை எடுத்துக்கிட்டுப் போனேன், பக்கத்து ஊரு ஐசலினைத் தாண்டி தனியா ட்ரைவ் பண்ணாதவ, வழி நெடுக ஹாரன் அடிச்சுத்தான் என்னைத் தாண்டிப் போனாங்க. பெட்டியைக் கொண்டு வந்து கிச்சன் தரையில வச்சுட்டு அதுக்கு மேல தூக்க முடியாம நானும் பக்கத்துல உட்கார்ந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அத்தா வந்து எட்டிப் பாத்தாங்க. ஒரு பட்டர்நட்டை எடுத்து, என் மணிக்கட்டைப் பாத்துட்டு, கத்தியை வாங்கிக்கிட்டாங்க. முக்கால் மணி நேரம் ஆச்சு ஒண்ணே ஒண்ணை நறுக்க, ஒரு துண்டு இவ்வளவு பெருசு, ஒரு துண்டு நகத்தளவு. நான் உட்கார்ந்த இடத்துலயே ஒரு ஆப்பிளைத் தின்னேன், ரொம்ப இனிப்பா இருந்துச்சு.

அடுத்த வருஷத்துக்கான மெயில் உனக்குத்தான் வருமாம், முப்பதாம் தேதிக்குள்ள பதில் போடணும்னு பண்ணைக்காரம்மா சொன்னாங்க. கோவத்துல விட்டுடாதே, போடு. முழுப் பெட்டி வேணாம், பாதிப் பெட்டின்னு ஒண்ணு இருக்காம், என்னால அதுக்கு மேல முடியாது. உன் பேர்ல இருக்கறதை மாத்தி அத்தா பேரு, தஸ்தகீர்னு போடு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசும் பரக்கத்தும் தரட்டும், வெளியூர்ல இருக்குற உன் உடம்பை அவனே பாத்துக்கட்டும். குளிர்ல தலை ஈரத்தோட வெளியே போகாதே. வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் அத்தாவுக்குப் போன் பண்ணி, பெட்டியில என்ன வந்துச்சுன்னு மட்டும் கேளு, வேற எதுவும் கேக்காதே. நான் தடுக்காம விட்டதை அதுக்குள்ள நானே அவங்ககிட்ட சொல்லிடுறேன். திட்டணும்னு தோணுச்சுன்னா என் நம்பருக்குத் தனியா கூப்பிடு, நான் ஸ்பீக்கர்ல போட மாட்டேன்.

துஆவுடன்,
உன் அம்மா நசீமா
பிஸ்கட்டவே