எங்கள் தோட்டத்தில் மாலை நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்க இன்று எனக்கு மனம் வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே ‘மீட்டிங் இருக்குக்கா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுவதையும் படி.

முதியோர் இல்லம் ஒன்றின் இணையதள முகவரியை அனுப்பி, ‘அப்பாவுக்கு இதுதான் சரியான இடம். பதிவு பண்ணிட்டேன். ஒண்ணாம் தேதி கொண்டுபோய் சேத்துடு’ என்று எழுதியிருந்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது போகட்டும். அந்தத் தளத்தை நீ எனக்குக் காட்ட வேண்டியதே இல்லை. அதைச் செய்தவளே நான்தான்.

வீட்டிலிருந்தபடி வெப்சைட் செய்து தருகிறேன் என்று உனக்குத் தெரியும். யாருக்கு, என்ன என்று நீ கேட்டதில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் அந்த இல்லத்து மேனேஜர் கூப்பிட்டார். செய்வதை ஒழுங்காகச் செய்வோம் என்று நேரிலேயே போய்ப் படம் எடுத்தேன். ஓர் அறைக்கு ஆறு கட்டில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், கை நீட்டித் தொடலாம். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே நர்ஸைக் கூப்பிட மணிக்கயிறு உண்டு. அதைப் படுத்திருப்பவர் கைக்கு எட்டாத உயரத்தில் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். ‘சும்மா சும்மா அடிக்கிறாங்கக்கா’ என்றாள் நர்ஸ்.

மேனேஜர் என் படங்களைப் பார்த்துச் சிரித்தார். ‘இதைப் போட்டா யாரும்மா வருவாங்க?’ என்று எங்கிருந்தோ வாங்கிய படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

மென்பொருளில் படம் சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. வெப்சைட் பக்கத்தில் வெற்றுக் கட்டம் ஒன்று இருக்கும், படத்தை இழுத்து அதில் விட்டால் உட்கார்ந்துகொள்ளும். புல்வெளியை விட்டேன். மரத்தடி பெஞ்சில் சிரிக்கும் தம்பதியை விட்டேன். நீச்சல் குளத்துப் படத்தின் ஓரத்தில் ஏதோ ஓட்டலின் பெயர்ப்பலகை தெரிந்தது, அதை வெட்டினேன். பார்வை இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்வதற்காக, படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொல்லும். ‘எங்கள் தோட்டத்தில் மாலை நேரம்’ என்று எழுதினேன். கண் தெரியாதவர்களைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

கூலிக்குச் செய்தேன், எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். அந்தப் புல்வெளி நம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் என்று யார் கண்டது?

உன் செய்தி வந்தபோது அப்பா பக்கத்தில், நான் உட்கார வைத்த நாற்காலியில் இருந்தார். ‘தம்பி அனுப்பினதா? காட்டு’ என்று போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ‘அந்த பெஞ்சுல காத்தாட உக்காரலாம் போல. உனக்கும் கொஞ்சம் ஓய்வாகும்மா. நான் போறேன்’ என்றார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர், இன்று வரை வெளியார் ஒருவர் தயவில் போய் நிற்காதவர். அங்கே பெஞ்சே கிடையாதுப்பா என்றேன். ‘படத்துல இருக்கேம்மா’ என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உன் மேல் பாதி, என் மேல் பாதி.

மறுநாள் காலையில் மென்பொருளைத் திறந்து, தோட்டம், குளம், தம்பதி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு நான் எடுத்த படங்களை ஏற்றினேன். ஆணியில் சுருட்டிய கயிற்றை முதல் பக்கத்தில் பெரிதாகவே போட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் மேனேஜர் போனில் கத்தினார், ‘யாரைக் கேட்டு மாத்தினீங்க?’ என்று. ‘உங்க இடத்தைத்தான் சார் போட்டிருக்கேன். உங்களுக்கே அடையாளம் தெரியலையா?’ என்றேன். போலீசுக்குப் போவேன், இனி இந்த ஊரில் உனக்கு வேலையே கிடைக்காது என்று என்னென்னவோ சொன்னார். சாயங்காலத்துக்குள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். புல்வெளி பழையபடி வந்துவிட்டது.

ஆனால் அந்த நர்ஸ் நேற்றுக் கூப்பிட்டாள். அந்தப் படத்தைப் பார்த்த ஒரு பெண்மணி நேரே வந்து, தன் அம்மாவின் கட்டில் மேலேயே ஏறி நின்று கயிற்றை அவிழ்த்துவிட்டாராம். ‘மத்தவங்களும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. எல்லாத்தையும் அவுத்து விட்டுட்டோம்கா’ என்றாள். அவள் குரலில் கோபமா நிம்மதியா என்று எனக்குப் புரியவில்லை.

படத்தைப் பார்த்து ஏமாந்தாயே என்று உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பாவையும் நீ படத்தில்தானே பார்க்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ காலில் வருவதற்கு முன்னால் அவருக்குச் சவரம் செய்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டு, சாயாமல் இருக்க முதுகுக்குத் தலையணை வைக்கிறேன். ‘அப்பா ஜம்முனு இருக்காரே’ என்கிறாய். அதுவும் நான் ஏற்றிய படம்தான் தம்பி.

பதிவை ரத்து செய். பத்து நாள் லீவு போட்டு வா. இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கஷ்டமில்லை, கை எங்கே கொடுப்பது என்று நான் காட்டித் தருகிறேன். அந்தப் பத்து நாளும் நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன்.

நீயும் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்ததும் எனக்குச் சொல்ல வேண்டாம். அப்பாவுக்குச் சொல்.

உன்
அக்கா