ரோமாபுரி வேதக்காரரும் என் வாய்மொழிப் பரீட்சையும்

31 மே 2009, ஞாயிறு

நல்ல வெயில். இந்த டெனிஷ் ஊர் கிரின்ஸ்டெட்டில் காற்றும் இல்லை, அதிசயம். உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டாயிற்று.

வியாழன் சரித்திரம், வாய்மொழிப் பரீட்சை. தவறினால் தாதியர் கல்லூரி இந்த வருடம் இல்லை. திரும்பவும் இறைச்சித் தொழிற்சாலை. இந்த வயதில் இன்னொரு வருடம் அந்தக் குளிருக்குள் நிற்க என்னால் ஏலாது.

தலைப்பு: கிறிஸ்தவம் பரவியது ரோமச் சமூகத்தை எப்படி மாற்றியது. சைவக்காரிக்கு வேதக்காரர் கதை வந்து வாய்த்ததைப் பார்!

காலையில் தங்கச்சி பேசினாள். முகாமுக்குள்ளிருந்து, ஒரு கன்னியாஸ்திரியின் போனில். ஊரில் சண்டை முடிந்த பிறகு இப்போதுதான் குரல் கேட்கிறேன். உயிரோடு இருக்கிறாள். முருகா!

"வயித்தோட்டமாக் கிடந்தனான் அக்கா. சிஸ்டர்மார்தான் தண்ணி பருக்கினவை. சைவமோ வேதமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

பரீட்சைக்குப் போகாமல் விடட்டா என்று கேட்டேன்.

"விசரி! போய் எழுது!"

எழுதுவதில்லையடி, கதைப்பது.

2 ஜூன், செவ்வாய்

முழுவதும் பாடமாக்கியாயிற்று, குசினிக்குள் நடந்து நடந்து. மகள் டெனிஷில் சிரிக்கிறாள்: இங்கத்தைப் பரீட்சையில் யாரும் ஒப்புவிப்பதில்லையாம். போடி. ஊரில் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு எடுத்தவள் நான்.

பால், உப்பு, காருக்குப் பெற்றோல்.

4 ஜூன், வியாழன்

தூறல். எழுந்து நின்று, "மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களே, பரீட்சகர் அவர்களே" என்று டெனிஷில் தொடங்கினேன். ஆசிரியை லீஸ மேசையைப் பார்த்தாள். வெளியிலிருந்து வந்த பரீட்சகர், நரைத்த தாடி, கையை உயர்த்தினார்: இருங்கள், கதைப்போம்.

எனக்கு நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்துதான் வரும். திரும்பவும் "மதிப்புக்குரிய..." ஐயோ, மானம் போச்சு.

கையிலிருந்த குறிப்புத் தாளை மடிக்கச் சொன்னார். சாகவேண்டி வரலாம் என்று தெரிந்தும் சனம் ஏன் அந்த மதத்தில் சேர்ந்தது என்று கேட்டார். பாடமாக்கியதில் ஒரு வரி நினைவில் இல்லை. தங்கச்சி மட்டும் இருந்தாள்.

சொன்னேன். கொள்ளைநோயில் சொந்தக்காரரே விட்டுவிட்டு ஓடினார்கள். கிறிஸ்தவர்கள் நின்று தண்ணீர் கொடுத்தார்கள், வேறு சாமியைக் கும்பிட்டவனுக்கும். பிழைத்தவன் அந்தக் கையை மறப்பானா? வீதியில் போட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். விதவைக்குச் சாப்பாடு, மரியாதை. அடிமையும் எசமானும் ஒரே பந்தியில். பந்தி முடிந்தால் அடிமை அடிமைதான், அதையும் சொன்னேன்.

"அப்படியென்றால் நல்ல மாற்றம்தானே?" என்றார்.

விடுவேனா! ராசாவே சேர்ந்த பிறகு மற்றவர்களின் கோயில்களைப் பூட்டினார்கள், சிலைகளை உடைத்தார்கள். யார்? தண்ணீர் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான். மேசையில் தட்டியே சொல்லிவிட்டேன்.

வெளியே நிற்கவைத்துப் பிறகு கூப்பிட்டார்கள். பத்து! அதற்கு மேல் பன்னிரண்டு மட்டும்தான். நன்றாகக் கதைத்தீர்கள் என்றார்கள். "ஓம், தெரியும்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பரீட்சகர் விளங்கினவர் மாதிரித் தலையாட்டினார்.

வாசலில் மகள், கையில் சின்ன டெனிஷ் கொடி; இங்கே கொண்டாட்டம் என்றால் அதுதான். கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன். மே மாதம் முழுக்க வராத அழுகை. பிறகு மூக்கைத் துடைத்து, அங்கேயே நின்று தொழிற்சாலை மேற்பார்வையாளனுக்குப் போன் அடித்தேன். ஆகஸ்டிலிருந்து வரமாட்டேன் என்றேன். சுகமில்லையா என்று கேட்டான்.

சுகம், நல்ல சுகம் என்றேன்.