உன் கைக்கு ஒரு தோள்

என் யோகா வாத்தியாரம்மாவுக்கு உன் வீட்டுக்காரன் எழுதுறது. நீயும் வயித்துல இருக்கிற நம்ம வாலும் சௌக்கியமா? எனக்கு ஒரு குறையும் இல்ல.

நேத்து வீடியோ கால் பேசுறப்ப, ஒத்தக்கால்ல நின்னு காட்டும்போது நீ லேசா ஆடினியே, உன்னைப் பிடிக்கிறதா நினைச்சு நான் ரெண்டு கையையும் நீட்டிட்டேன். போன் வாளித் தண்ணிக்குள்ள போயிடுச்சு. ரூமே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். ஆனா பக்கத்துக் கட்டில் வெல்டர் அவர் போனைத் தந்து, நான் உன் குரலைக் கேக்குற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல.

உண்டாகறதுக்கு முன்னாடி என் தோளைப் பிடிச்சுக்கிட்டுதானே நிப்ப? இனிமே சுவரோரமா நில்லு. பாயைச் சுருட்டக் குனியாத, அம்மாவைக் கூப்பிடு.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு. அந்தச் சுவர்ல என் தோள் உயரத்துக்கு ஒரு கோடு போட்டு வை. அங்கேயே பிடிச்சுக்கோ.