பிழை என்று எழுத முடியாத மனு

ஒக்ரோபர் 14, செவ்வாய்

அரியாலையில் கத்திக்குத்து நடந்த அன்று தம்பி தெல்லிப்பழையில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். அவனை அனுமதித்த திகதி போட்ட ஆஸ்பத்திரித் துண்டு வழக்குக் கோப்பிலேயே இருக்கிறது. மேன்முறையீட்டு நீதிபதிகளின் தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குத்தியது தம்பிதான், தண்டனை சரி என்று சொல்லிவிட்டார்கள்.

தீர்ப்பைத் திரும்பப் பார்க்கும்படி கேட்கும் மனுவை இன்று சட்டத்தரணி வாசித்துக் காட்டினார். “கனம் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வராமற்போன ஆவணம்” என்று எழுதியிருந்தார்.

“வராமல் போகேல்லை. அவை பாக்கேல்லை. பிழை விட்டிட்டினம் எண்டு எழுதுங்கோ” என்றேன்.

“அப்பிடி எழுதேலாது ரீச்சர். பணிவாய்க் கேட்டால்தான் திருப்பிப் பாப்பினம்.”

முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பிகளில் பிழையைப் பிழை என்றே சிவப்பு மையால் குறித்தவள் நான். தம்பி உள்ளே இருக்கிறான் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தேன்.

வீட்டில் அவன் மனைவி காத்திருந்தாள்.

“என்ன மச்சாள், மனுவிலை என்ன எழுதினவர்?”

“நாங்கள்தான் குற்றம் செய்த மாதிரிக் கெஞ்சி எழுதியிருக்கு.”

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பின்னேரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் தாடை நோகிறது.